சாட்சி சொல்லும் ஆயில்

இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். டீசல் தீரப்போகிறது என்றால் முள் இறங்கிக் காட்டும். பிரேக் ஆயிலுக்குக்கூட ஒரு விளக்கு உண்டு. ஆனால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற ஒரு ஜீப்பின் அடிவயிற்றில் இன்னும் நான்கு இடங்களில் ஆயில் இருக்கிறது. அது வற்றினாலும், கருகினாலும், தண்ணீர் கலந்து மோராகவே மாறினாலும் பெரும்பாலான வண்டிகளில் டிரைவருக்குத் தகவல் சொல்ல எந்த ஏற்பாடும் கிடையாது. கடைசியில் தகவல் வரும்போது சத்தமாக வரும். உடைந்த பல்லின் சத்தம்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல் - இவைதான் அந்த நான்கு. சாதாரண முன்சக்கர இழுவைக் காரில் கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே ஆயில், ஒரே கவலை. ஜீப்பில் கவலை நான்கு மடங்கு.

ஒரு காலத்தில் இந்தக் கவலை ராணுவத்துக்கும் போலீசுக்கும் வனத்துறைக்கும் எஸ்டேட் துரைமார்களுக்கும் மட்டும் உரியதாக இருந்தது. 1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளை மஹிந்திரா பூட்டத் தொடங்கியபோதும் சரி, 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தபோதும் சரி, பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், அடியில் படுக்கிறவர் வேறொருவர். 2010இல் வந்த தார், 2020இல் வந்த அதன் புதிய வடிவம், 2023இல் வந்த ஜிம்னி எல்லாம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டன. குர்காவிலும் புனேயிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் நிற்கிற ஜீப், நீண்ட விடுமுறை கிடைத்ததும் ஸ்பிட்டிக்கோ மேகாலயாவுக்கோ கிளம்புகிறது. ஓட்டுகிறவர் கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சுருக்கமாக இதுதான் இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து புறப்படும் இரண்டு ஷாஃப்டுகள் முன் அச்சிலும் பின் அச்சிலும் குடம்போல உப்பியிருக்கும் கூடுகளில் போய் முடிகின்றன. கூட்டுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரம். ஒர்க்ஷாப்பில் 'கிரவுன் ஆயில்' என்று சொன்னால் இங்கே ஊற்றுவது என்று பொருள். இந்த இரண்டு சக்கரங்களின் பற்களும் ஒன்றன்மேல் ஒன்று உருள்வது மட்டுமல்ல, பக்கவாட்டில் வழுக்கவும் செய்கின்றன. வண்டியின் மொத்த எடையையும் மேட்டில் ஏற்றுகிற அழுத்தத்தில் இந்த வழுக்கல் நடக்கிறது. சாதாரண எண்ணெய் அந்த இடுக்கிலிருந்து பிதுங்கி வெளியேறிவிடும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ரசாயனங்களைக் கலக்கிறார்கள். அவை இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கின்றன. கியர் ஆயிலுக்கு அந்த அழுகிய முட்டை வாடை வருவதும் இதனால்தான். புது டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு 'கெட்டுப்போன சரக்கு' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இந்த ஆயிலின் முதல் எதிரி கிலோமீட்டர் அல்ல, தண்ணீர். மணாலியிலிருந்து காஸா போகும் பாதையில் பனி உருகி ஓடும் நாலாக்கள் சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. காலையில் கணுக்காலளவு ஓடுவது, வெயில் ஏறிய பிறகு பம்பரைத் தொடும். மணிக்கணக்காக மலை ஏறி வந்த ஜீப்பின் டிஃபரென்ஷியல் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் உறைநிலைக்குச் சற்றே மேலான தண்ணீரில் இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. வெளியிலிருந்து எதையாவது இழுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அச்சின் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கிறது, அந்தக் காற்றுக்காகவே. அது சேற்றில் அடைபட்டிருந்தால் ஆயில் சீல்களின் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அடைபடாமல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, அதன் வழியாகவே போகும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இன்ஜின் மூச்சு முட்டாமல் இருக்க, கூரை வரை உயரும் கறுப்புக் குழாயைப் பெருமையாக மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். அச்சின் பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாயைச் செருகி பானட்டுக்குள் உயரத்தில் கட்டி வைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் குறைவு. முன்னது படத்தில் நன்றாகத் தெரியும் என்பது காரணமாக இருக்கலாம்.

அடைபட்ட பிரீதர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். சூட்டில் உள்காற்று விரியும்போது வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியே வெளியே தள்ளும். பின் அச்சில் அந்த ஆயில் போய்ச் சேரும் இடம் பிரேக் டிரம். ஒரு பக்கச் சக்கரத்தில் பிரேக் லைனிங் ஆயிலில் ஊறிப்போன ஜீப், மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மலைப்பாதையில் எந்தப் பக்கமாக இழுத்தாலும் நல்லதல்ல. ஒன்று பாறை, இன்னொன்று பள்ளம். கிரவுன் ஆயில் பழுது பார்க்கும் செலவைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல என்பது இதனால்தான்.

இந்த ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்றால், மாற்றலாம். மாற்றினால் மிச்சமாகும் கூலியைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் போய் எடுத்துக்கொள்கிறவர் கையில் ஒரு பில் வரும். பழைய ஆயில் வராது. அது பீப்பாயில் மற்ற பத்து வண்டிகளின் ஆயிலோடு கலந்துபோயிருக்கும். நான்கு கூடுகளுக்குள்ளும் என்ன நடந்தது என்று பார்த்த ஒரே சாட்சி அந்த ஆயில்தான். விசாரிக்காமலே சாட்சியை அனுப்பிவிடுகிறோம்.

வீட்டில் நான்கு தனித்தனிச் சுத்தமான தட்டுகளில் வடித்து, வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். தேன் நிறம் அடர்ந்து கருமைக்குப் போயிருந்தால் வயதான ஆயில், அவ்வளவுதான். டிகாஷனில் பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வடிக்கும் பிளக்கின் உள்முனையில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருக்கும் குழம்பு இயல்பானது. பல்லும் பல்லும் பழகியதன் தேய்மானம். அந்தக் குழம்பை விரலால் நசுக்கும்போது ஊசிபோலவோ சில்லுபோலவோ குத்தினால் பேரிங்கோ பல்லோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் தட்டின் அடியில் பொன்துகள்போல மின்னுவது பித்தளை - கியர் பாக்ஸில் சிங்க்ரோமெஷ் வளையங்கள் தேய்கின்றன.

அளவும் பேசும். டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்கும் வண்டிகளில் ஒன்றில் ஆயில் குறைந்து மற்றொன்றில் கூடியிருந்தால், நடுவில் இருக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஆயில் இடம் மாறுகிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக முன் டிஃபரென்ஷியலின் ஆயில் அச்சின் உள் சீலைத் தாண்டி, சக்கரம் திரும்பும் உருண்டைக்குள் போய் அங்கே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். முன்சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக வழிந்திருப்பதைப் பல ஜிப்ஸிகளில் பார்க்கலாம். 'பழைய வண்டி என்றால் அப்படித்தான்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

ஏலத்தில் பழைய ராணுவ ஜிப்ஸியையோ ஜீப்பையோ எடுப்பவர்களுக்கு இந்த நான்கு தட்டுகள்தான் ஜாதகம். முந்தைய வாழ்க்கையைப் பற்றி வேறு எந்தக் காகிதமும் இவ்வளவு உண்மை பேசாது.

இனி கடை. கவுண்டரில் நின்று '90 நம்பர் கொடுங்கள்' என்பதுதான் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை வழக்கம். 90 என்பது ஆயிலின் கனத்தை மட்டுமே சொல்லும் எண். 80டபிள்யூ-90 என்று போட்டிருந்தால் குளிரிலும் ஓரளவு இளகி ஓடும் என்று அர்த்தம்; காஸாவில் அதிகாலையில் கியர் விழாமல் தவித்தவர்களுக்கு அந்த 80இன் அருமை தெரியும். ஆனால் ஆயிலுக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது என்பதை 90 சொல்லாது. அதைச் சொல்வது டப்பாவின் மேல் இருக்கும் இன்னொரு குறி: ஜி.எல்.-4 அல்லது ஜி.எல்.-5. டிஃபரென்ஷியலுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது 5. பல பழைய கியர் பாக்ஸ்கள் கேட்பது 4. ஐந்து நாலைவிடப் பெரியதுதானே, எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றிவிடலாம் என்று நினைப்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஐந்தாம் எண் ஆயிலில் அந்தக் கந்தகக் கலவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரும்பைக் காக்கும் அதே கந்தகம், சூட்டில் சில வகைகளில் பித்தளையைத் தின்னும். போதாக்குறைக்கு, சிங்க்ரோமெஷ் வளையம் வேலை செய்யக் கொஞ்சம் உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கினால் கியர் மாற்றும்போது கரகரவென்று கத்தும். சில டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் இரண்டையும் ஏற்பதில்லை; ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு நிற ஏ.டி.எஃப். ஆயிலைத்தான் கேட்கும். கைக்கவசப் பெட்டியில் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. மெக்கானிக்கின் ஞாபகத்தைவிட, கடைக்காரரின் சிபாரிசைவிட அந்தப் பக்கம் மேல்.

எவ்வளவு வாங்குவது? ஜிப்ஸி மாதிரி சின்ன வண்டிக்கு நான்கு இடமும் சேர்த்து ஐந்தாறு லிட்டர். பெரிய வண்டிக்குக் கூடும். ஒரு லிட்டர் அதிகமாக வாங்கி வைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று இடம் முடித்து நான்காவதற்கு அரை லிட்டர் குறையும்போது எந்தக் கடையும் திறந்திருக்காது.

வேலையில் முதல் விதி ஒன்று இருக்கிறது. வடிக்கும் பிளக்கில் ஸ்பானரை வைப்பதற்கு முன், ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். ஊற்றும் பிளக் ஒவ்வொரு கூட்டின் பக்கவாட்டிலும் நடு உயரத்தில் இருக்கும். வருஷக்கணக்கில் திறக்காமல் துருப்பிடித்திருக்கும். அவசரத்தில் கீழ்ப் பிளக்கைத் திறந்து ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, மேல் பிளக்கில் ஸ்பானர் வழுக்கி முனை மழுங்கிப்போனால் வண்டி அங்கேயே நிற்கும். ஆயில் இல்லாத வண்டியை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டியும் போக முடியாது. துரு இளக்கும் திரவத்தை முந்தின இரவே அடித்துவைத்து, சரியான அளவு ஸ்பானரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வழிக்கு வரும். பைப் ரிஞ்ச் கடைசி ஆயுதம், முதல் ஆயுதம் அல்ல.

பத்து பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி, அடியில் படிந்த துகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு உடனே அடியில் படுத்தால், சைலன்சர் குழாய் முதுகில் முத்திரை குத்தும்.

வண்டியைத் தூக்க வேண்டுமா? முடிந்தவரை வேண்டாம். ஜீப்பின் பெரிய வசதியே அதன் உயரம். ஒல்லியான ஆள் அப்படியே நுழைந்துவிடலாம். சமதளத்தில் நின்றால்தான் ஆயில் மட்டமும் சரியாகத் தெரியும். ஒரு பக்கம் தூக்கிய வண்டியில் மட்டம் பார்ப்பது சாய்ந்த டம்ளரில் பால் அளப்பது மாதிரி. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், இரும்பு ஸ்டாண்டுகளின் மேல். வண்டியோடு வந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. செங்கல் விரிசல் விட்டு, முன்னறிவிப்பு கொடுத்து உடையாது. ஒரே நொடியில் நொறுங்கும்.

நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸின் கம்பி நியூட்ரலில் இருந்தால், முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் சக்கரங்களுக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை, வண்டி உருளும். 'கியரில்தானே போட்டிருக்கிறேன்' என்ற நிம்மதி பொய். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் அந்தச் சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் தாராளமாக உருளும். ஷாஃப்ட் அசையாமல் நிற்க, வண்டி நகர்ந்துவிடும். ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைப்பது கட்டாயம். வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவிட்டு அடியில் போவதும்.

மற்றதெல்லாம் எளிது. வடிய விட்டு, சொட்டு நின்றதும் காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டுக் கீழ்ப் பிளக்கை மூட வேண்டும். கியர் பாக்ஸ் கூடு அலுமினியமாக இருந்தால் கையின் பலத்தையெல்லாம் காட்டக்கூடாது. மரை அறுந்தால் செலவு பெரிது. மேல் ஓட்டைக்குப் புனல் எட்டாது. கையால் அமுக்கும் பம்ப்போ, பெரிய சிரிஞ்சில் செருகிய பிளாஸ்டிக் குழாயோ போதும். ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் மட்டம் சரி, நிறுத்திவிடலாம். கூடுதலாக ஊற்றுவது பெருந்தன்மை அல்ல. அந்தக் கூடுதலும் கடைசியில் பிரேக் டிரம்முக்குத்தான் போகும்.

பால் நிற ஆயில் வந்தவர்களுக்கு ஒரு முறையோடு முடியாது. விலை குறைந்த, ஆனால் அதே வகை ஆயிலை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டோடு மறுபடி வடித்து, பிறகுதான் நல்ல ஆயில். பிரீதரையும் சீலையும் சரி செய்யாவிட்டால் அதுவும் வீண். தண்ணீர் கலந்த ஆயிலோடு ஓடும் வண்டியைவிட, அப்படியே நிறுத்தி வைக்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும். பேரிங் உருளைகளில் துரு ஒரே இடத்தில் உட்கார்ந்து அரிக்கும். நாலாவில் இறங்கி விளையாடிவிட்டு வந்து, அடுத்த விடுமுறை வரை கீழ்த்தளத்தில் மூடி வைக்கப்படும் ஜீப்புகளின் கதை இதுதான்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் மட்டத்தைக் குறிப்பிட்ட சூட்டில் பார்க்க வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. தட்டு அடுக்கு கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலுக்கு அதற்கென்றே தனி ஆயிலோ சேர்மானமோ உண்டு. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் புது வண்டியை அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்ஷாப்பில் விடுவதே புத்திசாலித்தனம். ஆனால் அங்கேயும் 'பழைய ஆயிலையும் பிளக்கையும் காட்டுங்கள்' என்று கேட்கலாம். முகம் சுளிப்பார்கள். காட்டுவார்கள்.

மிஞ்சுவது ஐந்தாறு லிட்டர் நாற்றமெடுக்கும் கரிய திரவம். இதற்கு நாட்டில் ரகரகமான உபயோகங்கள் இருக்கின்றன: சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவார்கள், வேலிக்கம்பத்தில் கரையானுக்குத் தடவுவார்கள், புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பார்கள். எதுவும் செய்யாதவர்கள் சாக்கடையில் ஊற்றுவார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் கியர் ஆயிலையும் 'பயன்படுத்திய எண்ணெய்' என்ற வகையில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. 2023இல் வந்த திருத்தம், விற்ற ஆயிலில் ஒரு பங்கு மறுசுத்திகரிப்புக்குப் போவதை உறுதி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேலும் இறக்குமதியாளர்கள் மேலும் சுமத்தியது; 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து ஐந்து லிட்டரை வாங்கிப்போக இன்னும் யாரும் வருவதில்லை என்பதுதான் சங்கடம். புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே பழையதை நிரப்பி, பெட்ரோலோ கூலண்டோ கலக்காமல், கழிவு எண்ணெய்க்குப் பீப்பாய் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுக்கலாம். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது காசு.

கொடுப்பதற்கு முன் நான்கு சின்ன மருந்துப் பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எந்தக் கூடு, என்ன தேதி, எத்தனை கி.மீ. என்று எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது உண்டு. அடுத்த முறை வடிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது உதவும். மெக்கானிக்கிடம் 'லேசாகச் சத்தம் வருகிறது' என்று சொல்வதைவிட, மின்னும் பாட்டிலைக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை அடியில் தலையை விட்டு, எட்டு பிளக்குகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. வறண்டிருந்தால் வண்டியை எடுக்கலாம்.